ஏழு மணி ஊசி

செத்துப்போன லூபெனின் படம் வாசற்கதவில் ஒட்டியிருந்தது. வார்னா நகரத்தில் யார் செத்தாலும் ஒட்டுகிற, கறுப்புக் கரை போட்ட அஞ்சலித் தாள்தான். ஆனால் ‘ஆழ்ந்த துயரத்துடன்’ என்று இருக்க வேண்டிய இடத்தில், ‘இதைச் செய்தவன் சிறையிலேயே அழுகிச் சாகட்டும்’ என்று அச்சடித்திருந்தது.

நெவேனாவுக்கு வண்டி ஓட்டுகிற மிலேன் அதை இரண்டு முறை படித்தான். “அக்கா, துக்கத் தாள்ல சாபம் போட்டு இப்பத்தான் பாக்கறேன். அச்சுக்காரன் எழுத்துப்பிழை இருக்கான்னு கேட்டிருப்பானோ?”

“பெல்லை அடி,” என்றாள் நெவேனா.

அந்தச் சாபத்தில் அவளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. சிறையில் இருப்பவர் க்ரூம் வெல்செவ். ஒரு காலத்தில் போலீஸில் அவளுக்கு மேலதிகாரி. கைப்பற்றி வைத்திருந்த தங்கம் ஸ்டேஷன் அறையிலிருந்து காணாமல் போனபோது, திருடியவள் நெவேனா என்று அறிக்கை எழுதி அனுப்பியவர். அவளுடைய சீருடை போயிற்று. துறைமுகத்தில் வேலை பார்த்த அவள் அப்பா, அதற்கப்புறம் தெருவில் இறங்குவதையே விட்டுவிட்டு, சன்னலுக்குத் திரை போட்டுக்கொண்டு உள்ளேயே செத்துப்போனார். க்ரூம் மட்டும் கௌரவமாக ஓய்வு பெற்று, கடலோரத்துப் பழைய வீடுகளை வாங்கி ஹோட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார்.

இப்போது அவர் மீது கொலை வழக்கு. வீட்டைத் தர மறுத்த ஓய்வுபெற்ற கப்பல் இன்ஜினியர் லூபெனை, நிலவறைப் படியிலிருந்து தள்ளிக் கொன்றுவிட்டார் என்று. லூபெனின் தங்கை ராய்னா நேராக நெவேனாவின் துப்பறியும் அலுவலகத்துக்கே வந்திருந்தாள். “போலீஸ்ல அவனுக்கு இன்னும் ஆளுங்க இருக்காங்க. அவன் நழுவக் கூடாது. நாலு பக்கமும் ஆணி அடிக்கணும். உன்னைவிட அதை ஆசையா யார் செய்வா?” என்று கேட்டாள். நெவேனாவுக்கு மறுப்புச் சொல்லத் தோன்றவில்லை.

கதவைத் திறந்த ராய்னா அறுபதைத் தாண்டியவள். ஒட்டிய கன்னம், கறுப்பு உடை, அழாத கண்கள். “அவன் ஒத்துக்கிட்டானா?” என்பதுதான் முதல் கேள்வி.

“செய்யலைன்னே சொல்லிட்டிருக்கான்.”

“சொல்லட்டும். சொல்லிச் சொல்லியே நாக்கு தேயட்டும்.”

சமையலறையில் உட்கார்ந்தார்கள். லூபெனின் சமையலறை கப்பல் மாதிரி இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு கொக்கி, எல்லாவற்றுக்கும் ஒரு மூடி. சுவரோரம் ஒரு பூனைத் தட்டு.

“அன்னிக்கு நடந்ததை இன்னொரு தடவை சொல்லுங்க ராய்னாம்மா,” என்றாள் நெவேனா. “கோர்ட்ல க்ரூமோட வக்கீல் உங்களைத்தான் குடைவான்.”

“எத்தனை தடவை கேட்டாலும் இதேதான். நான் மாடியில இருக்கறவ. சாயங்காலம் க்ரூம் வந்தான். வீட்டைக் குடுன்னு கத்தினான், அண்ணனும் கத்தினான். அப்புறம் கதவை அறைஞ்சுட்டுப் போனான். எதிர்க்க ரொட்டிக் கடைக்காரியும் அதைப் பாத்திருக்கா. ஏழு மணிக்கு நான் கீழ வந்தேன். அண்ணனைக் காணோம். பூனை தட்டுகிட்ட நின்னு கத்துது. அதுக்குச் சர்க்கரை வியாதி. காலைல ஏழு, ராத்திரி ஏழு, ரெண்டு வேளையும் ஊசி. அண்ணன் உலகமே இடிஞ்சாலும் அதைத் தவற விட மாட்டான். சரி, எங்கயோ போயிருக்கான்னு நானே காதோரத்துல குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மெஷின்ல பாத்தேன். சர்க்கரை எக்கச்சக்கமா இருந்துது. சாப்பாடு வெச்சு, ஊசியைப் போட்டுட்டு மாடிக்குப் போயிட்டேன். படுக்கப் போறப்ப மனசு கேக்கல. மறுபடி இறங்கி வந்தேன். நிலவறைக் கதவு திறந்து கிடந்துது. கீழ அண்ணன்.”

வழக்கு முழுக்க அந்த ஏழு மணியின் மேல்தான் நின்றது. க்ரூம் ஏழு மணிக்கு முன்பே கடற்கரை ஹோட்டல் ஒன்றில், பேத்தியின் நிச்சயதார்த்த விருந்தில் போய் உட்கார்ந்துவிட்டார். நள்ளிரவு வரை அங்கேயே ஆடியதை ஊரில் பாதிப் பேர் பார்த்திருக்கிறார்கள். ஆகவே லூபென் ஏழுக்கு முன் செத்திருந்தால் கொன்றவர் க்ரூம். ஏழுக்குப் பின் செத்திருந்தால் க்ரூம் இல்லை. ராய்னாவின் சொல்லுக்குச் சாட்சியாக, அவள் கைரேகையும் பூனை முடியும் ஒட்டிய ஊசியைப் போலீஸ் மேசையிலிருந்து எடுத்துப் போயிருந்தது.

“பூனை இப்ப எங்க?”

“அன்னிக்கு ராத்திரி அதுக்கு வலிப்பு வந்துது. அண்ணனைத் தூக்க வந்த ஆம்புலன்ஸ்காரன் அதையும் சேத்துத் தூக்கிட்டு மிருக டாக்டர்கிட்ட ஓடினான். இன்னும் அங்கதான் கிடக்குது.” ராய்னாவின் குரலில் இருந்தது அக்கறை இல்லை. “காப்பி போடறேன்,” என்று எழுந்து, பால் எடுக்க மாடிக்குப் போனாள்.

மிலேன் இழுப்பறைகளைக் குடைந்துகொண்டிருந்தான். முன்பு டாக்ஸி ஓட்டியவன். அடுத்தவர் சாமானைத் தொடாமல் அவனால் இருக்க முடியாது. தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை எடுத்துக் காட்டினான். “இதானே சர்க்கரை பாக்கற மெஷின்? என் மாமியாருக்கும் ஒண்ணு இருக்கு. நான் வீட்டுக்குள்ள நுழைஞ்சாலே அதுல நம்பர் ஏறும்.” பொத்தானை அழுத்தினான். கருவிக்கு உயிர் வரவில்லை. பின்பக்க மூடியை நகத்தால் நெம்பினான். பேட்டரி இருக்க வேண்டிய குழியில் ஒன்றும் இல்லை. சாம்பல் நிறத்தில் தூசிதான் படிந்திருந்தது.

“வேற மெஷின் இருக்கா பாரு,” என்றாள் நெவேனா, குரலைத் தாழ்த்தி.

எல்லா இழுப்பறையும் பார்த்தான். வேறு எதுவும் இல்லை.

“அக்கா, பேட்டரி இல்லாம சர்க்கரை பாத்திருக்கா இந்தம்மா. பெரிய சித்துதான்.”

“வாயை மூடு. அதை இருந்த இடத்துலயே வை.”

காப்பி வந்தது. நெவேனா அதைக் குடித்தாள். எதுவும் கேட்கவில்லை. வயசான பெண், துக்கத்தில் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லியிருப்பாள், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காரில் ஏறிய பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

“எங்க போகணும், அக்கா?”

வீட்டுக்கு என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தாள்.

“மிருக டாக்டர்கிட்ட,” என்றாள்.

டாக்டர் இஸ்க்ரா இளம்பெண். கையெல்லாம் கீறல். லூபென் பெயரைக் கேட்டதும் முகம் கனிந்தது. “அவரு மாதிரி நாலு பேர் இருந்தா எனக்கு வேலையே இருக்காது. முதல்ல சர்க்கரை பாக்கணும், அப்புறம் சாப்பாடு, சாப்பிட்டாத்தான் ஊசி, ஒரு ஊசிக்கும் அடுத்ததுக்கும் நடுவுல பன்னிரண்டு மணி நேரம். எல்லார்கிட்டயும் சொல்றேன். அப்படியே செஞ்சது அவரு ஒருத்தர்தான். கப்பல்ல மணி பாத்து முறை வெச்சு இன்ஜின் காவல் காத்த மனுஷன் இல்லையா.”

கூண்டுக்குள் லூபெனின் பூனை பொசா படுத்திருந்தது. அந்த ஊரில் அதே பெயரில் குடிக்கிற தானியக்கூழின் நிறமேதான், கம்பங்கூழ் நிறம். தோளில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு முடி மழித்திருந்தது.

“அன்னிக்கு இதுக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டாள் நெவேனா.

“சர்க்கரை பாதாளத்துக்குப் போயிடுச்சு. ஆம்புலன்ஸ்காரர் புத்திசாலி, வர்ற வழியிலயே ஈறுல தேன் தடவியிருக்காரு. இல்லேன்னா போயிருக்கும். ஒரே ராத்திரியில ரெண்டு ஊசி விழுந்திருக்கு.”

மிலேன் பல்லால் உடைத்துக்கொண்டிருந்த சூரியகாந்தி விதையை நிறுத்தினான்.

“ரெண்டுன்னு எப்படிச் சொல்றீங்க?”

“பூனையே சொல்லிச்சு.” இஸ்க்ரா மேசை இழுப்பறையிலிருந்து சட்டைப் பொத்தான் மாதிரி வெள்ளையாக ஒன்றை எடுத்து வைத்தாள். “இது தோள்ல ஒட்டியிருந்துது. அடியில முடி மாதிரி ஒரு இழை தோலுக்குள்ள போகும். சில நிமிஷத்துக்கு ஒரு தடவை சர்க்கரையைத் தானே அளக்கும். போனைக் கிட்ட காட்டினாப் போதும். காதைக் குத்திக் குத்திப் பூனை பாத்ரூமுக்குள்ள ஒளியுதுன்னு லூபென் வருத்தப்பட்டாரு. அதனால போன மாசத்துலேர்ந்து இதான். பழைய மெஷினோட பேட்டரியைக்கூட எடுத்துக் கடிகாரத்துக்குப் போட்டுட்டேன்னு சொன்னாரு. பூனை இதைப் பிராண்டாம இருக்க மேல ஒரு கம்பளிச் சட்டையும் மாட்டி விட்டிருந்தாரு.”

“அதனால வெளிய தெரியாது.”

“தெரியாது. ஆனா கடைசி எட்டு மணி நேரத்தை இது ஞாபகம் வெச்சிருக்கும். பூனை இங்க வந்ததும் நான் முதல்ல செஞ்சது இதைப் படிச்சதுதான்.” கணினித் திரையைத் திருப்பினாள். ஒரு கோடு. மேலிருந்து ஏழு மணிக்கப்புறம் சரிவாக இறங்கி, சமதளத்துக்கு வந்து நின்றது. “இது முதல் ஊசி. அழகா வேலை செஞ்சிருக்கு.” விரலை நகர்த்தினாள். ஒன்பதரைக்கு அப்புறம் கோடு பள்ளத்தில் விழுந்திருந்தது. “இது ரெண்டாவது. லூபெனா இருந்தா இந்த அளவைப் பாத்துட்டு ஊசியைத் தொட்டிருக்கவே மாட்டாரு.”

“இதைப் போலீஸ்கிட்ட சொன்னீங்களா?”

“பூனைக்கு என்ன ஆச்சுன்னு யாருமே கேக்கலையே.”

நெவேனா அந்தக் கோட்டை ஒரு தாளில் அச்சடித்து வாங்கிக்கொண்டாள். காரில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டு, கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று காரை ஆட்டியது.

“நான் வண்டி ஓட்டறவன், எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க,” என்றான் மிலேன்.

“ஏழு மணிக்கு ஊசி போட்டது லூபென். அப்படின்னா ஏழு மணிக்கு அவன் உயிரோட இருந்தான். அதுக்கப்புறம் யாரோ தள்ளியிருக்காங்க. தள்ளினப்புறம், ஏழு மணிக்கே அவனைக் காணோம்னு காட்டறதுக்காக ஒன்பதரைக்கு இன்னொரு ஊசி.”

“ஒன்பதரைக்கு க்ரூம் ஆடிட்டிருந்தான்.”

“ஆமா.”

மிலேன் வாயில் கிடந்த தோலைத் துப்பினான். “இந்தத் தாளு நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும், இல்லையா அக்கா? அதுல டாக்டரம்மாவை யாரும் கேக்கப் போறதில்ல,” என்றான்.

“நீ என்ன சொல்ல வர்றே?”

“ஒண்ணுமில்ல. எங்கிட்ட கேக்காதீங்கன்னு சொல்ல வர்றேன். உங்கப்பா சாவுக்குப் பெட்டி தூக்கின ஆறு பேர்ல நான் ஒருத்தன். நான் சொன்னா நியாயமா இருக்காது.”

அவள் தாளை மடித்துப் பையில் வைத்தாள். “வண்டியைத் திருப்பு.”

ராய்னா அதே சமையலறையில், அதே நாற்காலியில் இருந்தாள். நெவேனா தாளை விரித்து அவள் முன்னால் வைத்தாள்.

“இது பூனையோட சர்க்கரைக் கணக்கு. தோள்லயே மெஷின் இருந்திருக்கு, சட்டைக்கடியில. அன்னிக்கு ராத்திரி ரெண்டு ஊசி விழுந்திருக்கு. ஏழு மணிக்கு ஒண்ணு, ஒன்பதரைக்கு ஒண்ணு. நீங்க போட்டது எது ராய்னாம்மா?”

ராய்னா தாளைத் தொடவில்லை.

“ஏழு மணி ஊசின்னு சொன்னா, ஒன்பதரைக்குப் போட்டது யாரு? வீட்ல இருந்தது நீங்களும் ஒரு பிணமும். ஒன்பதரை ஊசின்னு சொன்னா, ஏழு மணிக்குப் போட்டது உங்க அண்ணன். க்ரூம் போனப்புறமும் அவன் உயிரோட இருந்திருக்கான்.”

“ஊசியைக் குழாய்த் தொட்டியில பீச்சியிருந்தா இந்த வம்பே இல்ல,” என்றான் மிலேன். “எதுக்கும்மா பூனைக்குப் போட்டீங்க?”

ராய்னா அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அப்போதுதான் அந்தக் கண்களில் எதுவோ அசைந்தது.

“அதுவும் சாகட்டும்னுதான்,” என்றாள்.

அவளே தொடர்ந்தாள்.

“எங்கம்மா இதே வீட்ல படுத்த படுக்கையா கிடந்தா. அவளுக்கும் சர்க்கரைதான். காலை அறுத்தாங்க. வா, ஒரு தடவை வந்து பாருன்னு கேட்டதுக்கு அவன் கப்பல்லேர்ந்து சொன்னான், எனக்குக் காவல் முறை இருக்கு ராய்னா, நேரத்தை விட்டு நகர முடியாதுன்னு. சாவுக்கும் வரல. என் வாழ்க்கை இந்த வீட்டுக்குள்ளயே போச்சு. அப்புறம் வந்தான். என்னை மாடிக்குத் தள்ளினான். தெருவுல கிடந்த பூனையைக் கொண்டுவந்தான். அதுக்கு ரெண்டு வேளை ஊசி, அதுக்குத் தராசுல சாப்பாடு, அதுக்குக் காது வலிக்குதுன்னு கண்ணுல தண்ணி. க்ரூம் வந்துட்டுப் போன அன்னிக்கு ராத்திரி நான் கீழ வந்தேன். வீட்டை வித்துடு, என் பங்கைக் குடு, எங்கயாவது போயிடறேன்னு கேட்டேன். அவன் ஒயின் எடுக்க நிலவறைக் கதவைத் திறந்துக்கிட்டே சொன்னான், இந்த வயசுல பூனைக்கு இடம் மாத்தினா ஒத்துக்காதுன்னு.” தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். “அவ்வளவுதான்.”

“அப்புறம் க்ரூம் ஞாபகம் வந்துது,” என்றாள் நெவேனா.

“உன் ஞாபகமும்தான்.” ராய்னா மேசையில் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள். “இந்தத் தாளைக் கிழிச்சுப் போடு நெவேனா. நீ செய்யாததுக்கு உன் மூஞ்சில கரியைப் பூசினான். அவன் செய்யாததுக்கு அவன் உள்ள போகட்டும். இவ்வளவு கச்சிதமா உனக்கு யார் பழி வாங்கித் தருவா? உங்கப்பா குழியில இருந்து எழுந்து வந்தாலும் உனக்கு இதைத்தான் சொல்வாரு.”

நெவேனாவின் கை தாளின் மேல் இருந்தது. ராய்னா சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இருட்டறையில் க்ரூம் கம்பியைப் பிடித்துக்கொண்டு ‘நான் செய்யலை’ என்று கத்துவது, யாரும் திரும்பிப் பார்க்காதது, வருஷக்கணக்கில் அப்படியே கிழவராகிச் சாவது, எல்லாம் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அது அவளுக்கு இனித்தது. அதை அவள் மறுக்கவில்லை.

கடைசியில் போனை எடுத்து, வழக்கை நடத்தும் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் பேசினாள். விசாரணை வழக்கறிஞரே வருவதாகச் சொன்னார்.

“பைத்தியமா நீ?” என்றாள் ராய்னா.

“இல்ல. செய்யாததுக்கு அவன் உள்ள போனா, அவன் பாவப்பட்ட மனுஷன் ஆயிடுவான். அப்புறம் என்னால அவனை நிம்மதியா வெறுக்க முடியாது. எனக்கு அவன் செஞ்சதுக்குத்தான் அவன் வேணும்.”

ராய்னா ஓடவில்லை, அழவுமில்லை. போலீஸ் வண்டி வந்தபோது தானே கோட்டை மாட்டிக்கொண்டாள். வாசலில் ஒரு நிமிஷம் நின்று, “பூனை பிழைச்சுடுச்சா?” என்று கேட்டாள். பிழைத்துவிட்டது என்றான் மிலேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை, ராய்னாவின் வாக்குமூலத்தில் கையெழுத்து விழுந்த பிறகு, விசாரணை வழக்கறிஞர் க்ரூமை விடுவிக்கும் தாளோடு சிறைக்குக் கிளம்பினார். நெவேனாவும் மிலேனும் கூடவே போனார்கள்.

“ரெண்டு நிமிஷம் நான் முதல்ல பாக்கணும்,” என்றாள் நெவேனா. “கதவு திறந்தே இருக்கட்டும். நீங்க வெளியில நில்லுங்க.”

வழக்கறிஞர் அவளை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

க்ரூம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். தாடி நரைத்து முளைத்திருந்தது. பெல்ட்டையும் ஷூ லேஸையும் பிடுங்கிவிட்டிருந்தார்கள். பக்கத்தில் அவருடைய வக்கீல்.

“சிரிக்க வந்தியா?” என்றார் க்ரூம்.

“கேக்க வந்தேன் சார். நீங்க சொல்றதை யாருமே நம்பலையாமே.”

“நான் கொல்லல. நான் வெளிய வந்தப்ப அவன் நின்னுட்டு என்னைத் திட்டிட்டிருந்தான். எத்தனை தடவை சொல்றது? நான் பழக்கின பசங்களே என் முகத்தைப் பாக்காம எழுதிட்டுப் போறாங்க.” அவர் குரல் உடைந்தது. “உனக்குத் தெரியும் நெவேனா. நான் கொலைகாரன் இல்லைன்னு உனக்குத் தெரியும்.”

“நான் திருடி இல்லைன்னு உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரியா?”

க்ரூம் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“ராய்னா உன்கிட்டதான் வந்தாளாம்,” என்றார். “உன்கிட்ட ஏதாவது இருக்கா? எனக்குச் சாதகமா? இருந்தா சொல்லு. நீ என்ன கேட்டாலும் தர்றேன்.”

“எனக்கு எதுவும் தர வேண்டாம். நீங்க உண்மை பேசற ஆளான்னு மட்டும் தெரியணும். அன்னிக்கு அந்தத் தங்கம் இருந்த ரூம் சாவி யார்கிட்ட இருந்துது?”

“இதுக்குப் பதில் சொல்லாதீங்க,” என்றார் வக்கீல்.

“நீ சும்மா இருய்யா.” க்ரூம் மேசையைப் பார்த்தார். “என் பையில.”

“தங்கம்?”

“நான்தான் எடுத்தேன். பர்காஸ்ல ஒருத்தன்கிட்ட வித்தேன். யாராவது ஒருத்தர் பேரை எழுத வேண்டியிருந்துது. நீ கைக்குக் கிடைச்சே. போதுமா?” நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. “இப்பச் சொல்லு. என்னைக் காப்பாத்துவியா?”

“அது நேத்தே முடிஞ்சுது சார்,” என்றாள் நெவேனா. “தள்ளினது ராய்னா. ஒத்துக்கிட்டா. உங்களை விடறதுக்கான தாளு நான் உள்ள வந்ததுலேர்ந்து வாசல்ல நிக்குது. நீங்க ஒரு வார்த்தை பேசாம இருந்திருந்தாலும் இந்நேரம் வீட்டுக்குக் கிளம்பியிருக்கலாம்.”

க்ரூமின் தலை மெல்லக் கதவுப் பக்கம் திரும்பியது. அங்கே விசாரணை வழக்கறிஞர் பேனாவைப் பிடித்தபடி நின்றிருந்தார். வக்கீல் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

“வக்கீல் சாருக்குத் தண்ணி ஏதாவது வேணுமா?” என்று கேட்டான் மிலேன்.

வழக்கறிஞர் உள்ளே வந்தார். விடுதலைத் தாளை மேசை மேல் வைத்தார். அதன் பக்கத்திலேயே, ஒன்றும் எழுதாத வெள்ளைத் தாள் ஒன்றையும் எடுத்து வைத்தார்.

“கொலை வழக்குல நீங்க போகலாம், க்ரூம் வெல்செவ்,” என்றார். “ஆனா இப்பச் சொன்னதை இன்னொரு தடவை சொல்லிட்டுப் போங்க. முதல்லேர்ந்து, மெதுவா.”

நெவேனா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்கு அவசரம் ஏதும் இல்லை.